குட்டையை மூடும் ஆகாயத்தாமரை: எது வளர்க்கிறது, எது தடுக்கிறது?

ஈப்போ, பத்து காஜா, கம்பார் பக்கம் வாழ்பவர்களுக்கு ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் புதிதல்ல. ஒரு குட்டையில் தண்ணீர் தெளிவாகக் கிடக்கும். இன்னொன்றில் தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடியிருக்கும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெலாடி புந்திங்' என்பார்கள். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மழை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

குளிர்நாடுகளில் பனிக்காலம் களையை அடக்கிவிடும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெப்பம். ஆகவே மிதக்கும் களைக்கு இங்கே எல்லை போடுவது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்துள்ள சத்துதான். குறிப்பாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். இவற்றில் எது குறைவோ, அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். அரிசி மூட்டைக் கணக்கில் இருந்தாலும் உளுந்து ஒரு படிதான் என்றால், இட்லியும் அந்த அளவுக்குத்தான்.

ஈயம் கழுவிய மணல் குட்டையில் சத்து குறைவு. அதில் சாக்கடை நீர், வாத்து, கோழிக் கழிவு, தோட்டத்து உரம் கலந்தால் நிலைமை மாறும். சத்து நிறைந்த நீரில் ஆகாயத்தாமரை இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக்கூடும்.

பாப்புவா நியூ கினியில் செபிக் ஆற்றுப் பகுதியை சால்வினியா என்ற மிதக்கும் களை மூடியபோது, அதைத் தின்னும் வண்டை 1980களில் கொண்டுவந்து விட்டார்கள். நைட்ரஜன் குறைந்த செடியைத் தின்ற வண்டு முதலில் பெருகவில்லை. யூரியா இட்ட பிறகே பெருகிக் களையை அழித்தது. களையை ஒழிக்க உரமா என்று சிரிப்பு வரலாம். செடிக்கு மட்டுமல்ல, அதன் எதிரிக்கும் சத்துதான் எல்லை.

நீருக்குள் வளரும் செடிகளின் கதை வேறு. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். கலங்கிய நீரிலும் நிழலிலும் அவை ஓங்காது. உப்பு நீர் ஏறும் இடங்களில் ஆகாயத்தாமரை வாடிவிடும்.

நம் உடல்நலத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. மான்சோனியா கொசுவின் புழு, மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்துக் காற்றை எடுத்துக்கொள்ளும். மூச்சுவிட மேலே வராததால், நீரின்மேல் எண்ணெய் தெளிப்பது அதனிடம் பலிக்காது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் இதுவும் ஒன்று. செடி போனால்தான் இந்தக் கொசு குறையும்.

வாரிய செடியைக் கரையிலேயே குவிக்காதீர்கள். அழுகினால் அதே சத்து மழையோடு குட்டைக்குத் திரும்பிவிடும். மீன்தொட்டிச் செடியை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

களை வார நீங்களே தண்ணீரில் இறங்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். அப்படி இறங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். குட்டை நீரில் இறங்கியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.