அட்டை மறைப்புக்குப் பின்னால்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்புத் தலைவர் தேர்தலில் உன் தோழி தோற்றதைவிட, அவளுக்குக் கை தூக்குவதாகச் சொன்ன ஐந்து பேர் கடைசி நேரத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டதுதான் உனக்கு ஆத்திரம் என்று தெரிகிறது. அவர்களைக் கோழைகள் என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படிச் சொல்ல மாட்டேன் கண்ணு. டீச்சர் பார்க்கிறார், பின் பெஞ்சு பார்க்கிறது, யார் யார் கை தூக்கினார்கள் என்று மறுநாள் விளையாட்டுப் பீரியடில் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த இடத்தில் பெரியவர்களே கையை இறக்கிவிடுவார்கள். குறை அந்த ஐந்து பேரிடம் இல்லை, கை தூக்கச் சொன்ன முறையில் இருக்கிறது.

நான் பள்ளியில் வேலை பார்த்தவரை, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கு ஆர்டர் வந்துவிடும். முதல் நாளே போய் இயந்திரம், மை, அரக்கு, படிவங்கள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு சாவடிக்குப் போக வேண்டும். அந்தச் சாமான்களோடு மடித்த அட்டை ஒன்றும் இருக்கும். விரித்து வைத்தால் மூன்று பக்கமும் மறைக்கும். ஜன்னல் வழியாக யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடமாகத் தேடி அதை வைப்போம். எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே இருப்பதிலேயே பெரிய பொருள் அந்த அட்டைதான்.

அது இல்லாத காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் 1872 வரை, வாக்காளர் எல்லோர் முன்னாலும் நின்று தன் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். 1868 தேர்தலில் தங்களுக்கு எதிராக வாக்களித்த குத்தகைக்காரர்களை வேல்ஸ் நிலக்கிழார்கள் நிலத்தைவிட்டே வெளியேற்றினார்கள். வாக்குரிமை இருந்தது, ஆனால் வாக்கு நிலக்காரனுடையது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856இலேயே ரகசிய வாக்குக்கு மாறிவிட்டன. பிரிட்டனில் அந்த முறையில் முதல் தேர்தல் 1872 ஆகஸ்டில் பான்டிஃபிராக்ட் என்ற ஊரில் நடந்தது. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. அந்த மிட்டாயில் குத்தும் முத்திரையைக் கொண்டே வாக்குப்பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள்!

நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல். சுமார் 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் செய்த ஏற்பாடு இது: ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. எல்லாப் பெட்டிகளும் மறைப்புக்குள் இருக்கும். கையில் கொடுத்த சீட்டை உனக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும், எதுவும் எழுத வேண்டாம், குத்த வேண்டாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறைப்புக்குள் போனவர் சீட்டைப் போடாமலே மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தால்? குறி எதுவும் இல்லாத சீட்டு அது. வெளியே நிற்கும் ஆள் காசு கொடுத்து அப்படிப் பத்துச் சீட்டு வாங்கி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அனுப்பினால் பத்தும் ஒரே பெட்டியில் விழும். அதனால்தான் 1962 பொதுத்தேர்தலில், எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் உள்ள ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறைக்கு மாறினார்கள். (இதற்கும் ஒரு சோதனை வந்தது. 1996இல் எங்கள் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள், வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் டெபாசிட் தொகையை உயர்த்தினார்கள்.)

அந்த முத்திரையை நீ பார்த்திருக்க மாட்டாய். கிராம ஊராட்சித் தேர்தலில் இன்னும் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது பாட்டியைக் கேள். நான்கு அம்புகள் ஒரே பக்கமாகச் சுழல்வது போல இருக்கும். ஏன் ஒரு பெருக்கல் குறி போதாது? சீட்டை மடிக்கும்போது மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, இன்னொரு வேட்பாளர் மேலும் பதியும். பெருக்கல் குறி என்றால் எது அசல், எது ஒட்டியது என்று தெரியாமல் வாக்கே செல்லாமல் போகும். சுழல் குறியாக இருந்தால் ஒட்டியது எதிர்ப்பக்கமாகச் சுழலும், எண்ணுகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இதை யோசித்தவர் யாரோ, அவருக்கு நான் மனசுக்குள் ஒரு வணக்கம் வைத்திருக்கிறேன்.

இப்போது இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால், பக்கத்துக் கண்ணாடிக்குள் நீ வாக்களித்த சின்னம் ஒரு சீட்டில் ஏழு விநாடி தெரியும். பிறகு சீட்டு பெட்டிக்குள் விழுந்துவிடும். ஏ.டி.எம்.மில் ரசீது தருகிறார்களே, இதை மட்டும் ஏன் கையில் தருவதில்லை என்று நீ கேட்பாய். கையில் தந்தால், வெளியே காசு கொடுத்தவன் "எங்கே, சீட்டைக் காட்டு" என்பான். அதே காரணத்துக்காகத்தான் செல்போனில் படம் எடுக்கவும் விடுவதில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி உன்னிடம் மூடி மறைக்கப் போவதில்லை, நீயே தெருவில் பார்த்திருப்பாய். பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். கொடுக்கிறவர்கள் ஏன் சில ஊர்களில் சாமி படத்தின் மீது சத்தியம் வாங்குகிறார்கள் தெரியுமா? கொடுத்த காசுக்கு ஓட்டு விழுந்ததா என்று பார்க்க அவர்களுக்கு வேறு வழியே இல்லை. வாங்கியதும் தப்புதான். ஆனால் மிரட்டி வாங்கிய சத்தியத்துக்காக மறைப்புக்குள்ளும் பயந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. உன் மாமா இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

உன் சமூக அறிவியல் புத்தகத்தில், ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டுகள் வந்திருக்கும். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது, ஓலையை எடுக்க ஒரு சிறு பையனை விட்டது. எடுப்பவனுக்கு வேண்டியவர் வேண்டாதவர் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்வது போல அது இன்றைய தேர்தல் அல்ல, குலுக்கல். 35 முதல் 70 வயதுக்குள், சொந்த நிலமும் வீடும் உள்ள, வேதம் படித்த ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போகும். நீயும் நானும் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது.

அடுத்த முறை வகுப்பில் நீங்களே சரியாக நடத்துங்கள். வெள்ளைத்தாளில் பெயரை எழுதிப் போடச் சொல்லாதீர்கள், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாப் பெயரும் அச்சடித்த ஒரே அளவுச் சீட்டு, ஒரே நிறப் பேனா, ஒரு டிக். பெட்டியைக் கவிழ்த்துக் காலி என்று எல்லோருக்கும் காட்டிய பிறகு மூடுங்கள். நிஜச் சாவடியிலும் காலையில் ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி வாக்கு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் தொடங்குவோம். எண்ணும் முன் சீட்டுகளை நன்றாகக் கலக்குங்கள்.

கலப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணினார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாது. இயந்திரத்தில் ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியாக வெளியே வருகிறது. ஒரு ஆளின் வாக்கு ரகசியம்தான், ஆனால் ஒரு காலனி முழுக்க எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது ஜெயித்தவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலனிக்குக் குடிநீர்க் குழாய் வராமல் போனால் யாரைக் கேட்பது? 14 சாவடிகளின் வாக்கைச் சேர்த்துக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்வைத்தது, சட்ட ஆணையமும் 2015இல் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

அந்தச் சாவடிவாரிக் கணக்குக்குப் படிவம் 20 என்று பெயர். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இருக்கும். அப்பாவிடம் சொல்லி உங்கள் சாவடியைத் தேடிப் பார். பார்த்துவிட்டு, அது வெளியே தெரியலாமா கூடாதா என்று எனக்கு எழுது. தெரிந்தால்தான் எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடந்தால் பிடிக்க முடியும் என்று உன் மாமா சொல்கிறார். அதிலும் நியாயம் இருப்பதால்தான் எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
ஈரோட்டு அத்தை