குளிரிலும் வளரும் பால் கிருமி

பாலை முறைப்படி சூடாக்கிக் குளிரிலும் வைத்துவிட்டால் இனி அதற்குக் குறைவில்லை என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் இது சரியே. ஆயினும், சிறிதும் புளிக்காத பால் தேநீரில் ஊற்றியவுடன் கொழுப்புத் துணுக்குகளாகப் பிரிந்து மிதப்பதுண்டு. பால்காரர் மீது பழி சுமத்துமுன் காரணத்தை அறிதல் நன்று.

மண்ணில் வாழும் பாசில்லஸ் என்னும் பாக்டீரியா, உணவு குன்றிய காலத்தில் தன் உடலுக்குள்ளேயே தடித்த உறையுடைய வித்து ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. அது நெல் விதைபோல் உறங்கிக் கிடக்கும். இவ்வித்துக்கள் கொதிக்கும் சூட்டையும் தாங்குவதை ஜெர்மானிய அறிஞர் பெர்டினாண்டு கோன் 1876-ம் ஆண்டில் விளக்கினார். பால் பண்ணையில் 72 டிகிரி சென்டிகிரேடில் 15 விநாடி சூடாக்குகையில் காசநோய்க் கிருமி முதலியன மடிகின்றன, வித்துக்கள் மடிவதில்லை. அச்சூடே அவற்றைத் துயிலெழுப்பிவிடுவதும் உண்டு! போட்டிக்கு வேறு கிருமிகள் இல்லாத பால், அவற்றுக்கு உழுது வைத்த நிலமாகிறது.

குளிர் தடுக்காதோ எனலாம். இவ்வினத்தில் பலவற்றைத் தடுக்கும். ஆனால் 7 டிகிரியிலும் வளரும் வகையொன்றுக்கு 1998-ல் பவேரியாவிலுள்ள வைஹென்ஸ்டெபான் என்னும் இடத்தின் பெயரைச் சூட்டினர். பேனிபாசில்லஸ் என்னும் இனத்திலும் இத்தகையன உள. இவற்றின் நொதிகள் கொழுப்புத் துளிகளின் மெல்லிய உறையைச் சிதைக்கின்றன. பாலைக் கசக்கவும் செய்கின்றன. பாசில்லஸ் சீரியஸ் வகைகளுள் சில, வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நஞ்சைச் சுரப்பவை. எனவே இது வெறும் ருசி பற்றிய பேச்சன்று.

இவ்வித்து பாலுக்கு எவ்வாறு வருகிறது? பெரும்பாலும் நம் தொழுவத்திலிருந்தே. சேற்றிலும் சாணத்திலும் படுத்தெழுந்த பசுவின் காம்பில் அது ஒட்டியிருக்கும். வைக்கோல் தூசியிலும் பறக்கும். சங்கத்தின் குளிர்விப்புத் தொட்டியிலோ பல வீட்டுப் பாலும் ஒன்றாகக் கலக்கிறது. ஒருவர் அசட்டையாகக் கறந்தாலும் அனைவர் பாலும் கெட இடமுண்டு. மடியைக் கழுவி ஈரத்தோடு கறப்பது அரைகுறை வேலை. வடியும் நீரே அழுக்கைச் செம்பில் சேர்க்கும். தூய துணியால் காம்புகளை நன்கு துடைத்து உலர்த்துக. முதற் பீச்சல்களைத் தனிக் கிண்ணத்தில் விடுக. வைக்கோல் உதறும் வேலையைக் கறவை முடிந்தபின் வைத்துக்கொள்க.

கேனைப் பளபளவென்று துலக்குவோரும் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அதனடியில் படியும் பாலாடை காய்ந்து இறுகினால், வித்துக்கள் அதில் தங்கி நாள்தோறும் புதுப்பாலில் கலக்கும். வளையத்தைத் தினமும் கழற்றி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து அலசி, வெயிலில் உலர்த்தி மாட்டுக; வெடித்த வளையத்தை உடனே மாற்றுக.