'வேண்டும்' என்பதும் 'நலம்' என்பதும்

ஊராட்சி வேலைகளுக்கான ஒப்பந்தங்களில் "இந்தியத் தரப்படி" என்னும் தொடரை அடிக்கடி காண்கிறோம். அத்தர ஏடுகளில் கட்டளை வேறு, பரிந்துரை வேறு, அனுமதி வேறு. நாம் தமிழில் எழுதும் ஒப்பந்தத்தில் இவை கலந்துவிடுமாயின், வேலை கெட்ட பிறகு எவரையும் பொறுப்பாக்க இயலாது.

காங்கிரீட் வேலைக்குரிய ஐ.எஸ். 456 (2000) என்னும் தரத்தையே எடுத்துக்கொள்வோம். சிமெண்டு நீருடன் கூடியே இறுகுகிறது. விரைவில் காய்ந்தால் வலிமை குன்றும், மேற்பரப்பு வெடிக்கும். ஆகவே இட்ட காங்கிரீட்டை ஈரமாகக் காத்தல் அவசியம். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்கள்; வறண்ட வெப்பத்தில் குறைந்தது 10 நாட்கள்; கலப்புச் சிமெண்டாயினும் குறைந்தது 10 நாட்கள். இவை கட்டளை. கலப்புச் சிமெண்டுக்கு 14 நாட்கள் வரை நீட்டித்தல் நலம் என்பதோ பரிந்துரை மட்டுமே.

இனி, "போதிய நாட்கள் தண்ணீர் விடப்பட வேண்டும்" என்று ஒப்பந்தம் கூறுவதாகக் கொள்வோம். போதிய என்றால் எத்தனை? விடவேண்டியவர் யார்? ஒப்பந்தக்காரர் மூன்றாம் நாளே ஆட்களுடன் புறப்பட்டுவிட்டு, எஞ்சியது ஊராட்சியின் பொறுப்பு என்று வாதிடக்கூடும். "காங்கிரீட் இட்ட நாள்முதல் 10 நாட்கள் ஒப்பந்தக்காரர் அதனை இடைவிடாது ஈரமாக வைத்திருத்தல் வேண்டும்" என எழுதினால் வாதத்துக்கு இடமில்லை. 14 நாட்கள் வேண்டுமெனில் அந்த எண்ணையே எழுதுக. தரம் பரிந்துரைப்பதை ஒப்பந்தம் கட்டளையாக்கத் தடை ஏதுமில்லை.

'லாம்' என்னும் விகுதி நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது. "நாளை வரலாம்" என்று மரியாதைக்காகச் சொல்வதையே நாம் கட்டளையாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஏட்டிலோ அது செய்பவர் விருப்பம், செய்யாவிடினும் குற்றமில்லை.

மறுப்பிலும் கவனம் தேவை. 'வேண்டியதில்லை' என்பது தேவையின்மையைக் குறிக்குமேயன்றித் தடையாகாது. தடைக்குரிய சொல் 'கூடாது'. கடலோர ஊராட்சிகள் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். கலக்கவும் ஈரங்காக்கவும் கடல்நீரை மேற்படி தரம் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் தவிர்க்க இயலாத நிலையில், கம்பியில்லாக் காங்கிரீட்டுக்கு நிபந்தனையுடன் இடமளிக்கிறது. அந்த இடமும் வேண்டாமெனில், "எவ்வேலைக்கும் கடல்நீரைப் பயன்படுத்துதல் கூடாது" என்று ஊராட்சியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கையெழுத்திடுவதற்கு முன்னரே எழுத வேண்டும்.