பல் நோயும் பீனிசமும்

மூக்கில் நோய் கண்டால் மூக்கையே ஆராய்தல் உலக இயல்பு. ஆயினும், ஒரு பக்க நாசியில் மட்டும் தீநாற்றமுடைய சீழ் ஒழுகிப் பன்னாள் மருந்துண்டும் நீங்காதாயின், வாயைத் திறந்து பற்களையும் பார்த்தல் வேண்டும். நோயின் வேர் அங்கே இருத்தல் கூடும்.

மாணவர்களே, நம் முகத்தெலும்புகளினுள் காற்று நிறைந்த அறைகள் நான்கு இணையாக உள்ளன. அவற்றுள் பெரியவை கன்னங்களுக்கு உட்புறம், மேல்தாடை எலும்பில் அமைந்தவை. அவ்வறையின் தரைக்குக் கீழேதான் மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. இடைப்பட்ட எலும்பு சிலர்க்குத் தாள்போல் மெலிந்திருக்கும். சிலர்க்கு ஒரு மெல்லிய சவ்வே தடுப்பாகும். சொத்தை முற்றி வேர்நுனியில் சீழ் கட்டுமாயின், நோய் எளிதில் மேலேறிவிடும். அறையின் வாயிலோ தரையில் இல்லை. சுவரின் மேற்பகுதியில் உள்ளது. விந்தையான அமைப்புத்தான்! நலமுள்ள காலத்தில் உள்ளிருக்கும் நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றும். சவ்வு வீங்கினால் அப்பணி கெடும். குடத்து நீர்போல் சீழ் உள்ளேயே தங்கும்.

இவ்வறையை 1651-இல் விளக்கி எழுதியவர் நத்தானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர். அவரிடம் வந்த சீமாட்டி ஒருவருக்குக் கோரைப்பல் பிடுங்கிய துளையினின்றும் ஓயாது நீர் கசிந்தது. அவர் வெள்ளி ஊசி ஒன்றைத் துளையில் செலுத்தினார். அது கண்ணருகே செல்லுமளவு உட்புகுந்தது. பின்னர்த் தூவி களைந்த இறகொன்றைச் செருக, அது இன்னும் நெடிது சென்றது. மூளையையே தொட்டுவிட்டதென்று அவர் நடுங்கினார். இறகு கன்ன அறையினுள் வளைந்து சுருண்டதேயன்றி மூளையை அணுகவில்லை என்று ஹைமோர் விளக்கி அவரைத் தேற்றினார்.

இந்நோயில் பல் வலித்தே தீரும் என்பதில்லை. அதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். மூக்கிற்கு மட்டும் மருந்திட்டால் நோய் தணிந்து மீண்டும் தலைகாட்டும். எக்ஸ்ரே முதலிய படங்களால் பழுதுற்ற பல்லைக் கண்டறிந்து, வேர்ச்சிகிச்சை செய்தோ பிடுங்கியோ மூலத்தைக் களைதல் வேண்டும். கிருமிகளை அழிக்கும் மருந்தும் தேவைப்படலாம். அதன் பின்னும் சீழ் தங்கின், மருத்துவர் மூக்கின் வழியே மெல்லிய நோக்குகருவியைச் செலுத்தி அறையின் வாயிலை அகலமாக்குவர். முற்காலத்தில் மேலுதட்டின் உட்புறம் கீறி எலும்பைத் துளைப்பதே வழக்கம். 1893-இல் கால்டுவெல்லும் 1897-இல் லூக்கும் வகுத்த முறை அது.

பல் பிடுங்கியபின் அறைக்கும் வாய்க்கும் இடையே துளை விழுவதும் உண்டு. அப்பொழுது பருகிய நீர் மூக்கின் வழியே வரும். பெருந்துளையாயின் மருத்துவர் ஈற்றுத்தசையை இழுத்துத் தைத்து மூடுவர். அது ஆறும்வரை நோயாளி மூக்கை வலிந்து சிந்துதல் ஆகாது.