இடையிடையே நின்றுபோகும் லாரி

பழைய பெட்ரோல் லாரியொன்று ஏற்றத்தில் திடீரென நிற்பதும், கால்மணி நேரம் ஆறியபின் யாதொரு குறையுமில்லாததுபோல் ஓடுவதும் மோட்டாரோட்டிகள் நன்கறிந்ததே. ஆறிய எஞ்சினைப் பட்டறையிற் சோதித்துப் பயனில்லை. குற்றம் அங்கே ஒளிந்துகொள்ளும். இதனை உணராத யாம் கார்புரேட்டரை மும்முறை கழற்றிக் கழுவிக் காலம் போக்கினோம்.

ஆதலின், சக்கரத்துக்குக் கல் வைத்தபின், சூடு தணியுமுன்னரே அறியவேண்டுவது ஒன்று: குறைந்தது பெட்ரோலா, மின்பொறியா? முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறக்க. காற்று உள்ளே சீறிப் பாயுமாயின் மூடியிலுள்ள சிறுதுளை அடைபட்டதென்க. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் குன்றுதலின், பம்பு இழுக்கமாட்டாது சோரும்.

பின்னர் அதனை இறுக மூடி, பெட்ரோல் ஆவி அண்மையில் இல்லாமை கண்டு, பிளக் கம்பியொன்றைக் கழற்றி உலர்ந்த மரக்கவ்வியாற் பற்றி, அதன் நுனியை எஞ்சினின் இரும்புக்குச் சிறிது விலகப் பிடித்து, மற்றொருவரைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றுவிக்க. பொறி நீலநிறமாய் வலுவுறப் பாய்ந்தால், புகைபோக்கிக்கு அருகே செல்லும் பெட்ரோல் குழாயை ஐயுறுக. அங்கே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். குழாய்க்கும் பம்புக்கும் ஈரத்துணி சுற்றினால் விரைவில் ஓட்டம் பிறக்கும். சுடுகின்ற புகைபோக்கியில் மட்டும் நீர் படலாகாது, வெடித்துவிடும்.

பொறியே தோன்றாவிடின் காயிலும் கண்டென்சரும் ஐயத்துக்குரியன. காயிலினுள் அறுந்த மெல்லிய கம்பி சூட்டிற் பிரிந்து, ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். எம் லாரியில் இருந்த குற்றம் இதுவே. புதிய காயில் மாட்டியபின் அவ்வேற்றத்தில் அது நின்றதில்லை.