பவளம் இல்லாத பவளப்பாறைத் தொட்டி: அம்பத்தூர் மாடியில் ஒரு கடல்

ஆவடிப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட "டேங்க் கட்டப் போறேன்"னு சொன்னா முதல்ல வேற அர்த்தம்தான் வரும். 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தாவும் அர்ஜுனும் செஞ்ச ஊராச்சே. அர்ஜுன் ஐம்பது டன்னுக்கு மேல். நான் கட்டினது கால் டன்னுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனா அதை வீட்டு இரண்டாவது மாடியில் வைக்கணும், சித்திரை வெயில்ல 28 டிகிரிக்கு மேல போகாம பார்த்துக்கணும், கரண்ட் போனா உள்ளே இருக்கிற உயிர் சாகக்கூடாது. நாலு டிபார்ட்மென்ட் பாடமும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வந்துடும். அதனாலதான் இந்த இதழுக்கு இதை எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை உடைச்சுச் சொல்லிடறேன். வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு எல்லாரும் ஆசைப்படறது உயிருள்ள பவளம் வளரும் தொட்டி. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். கட்டி முடிச்சதுல பவளம் ஒரு துண்டு கூட இல்லை. ஏன்னு சொல்லிட்டு அப்புறம் தொட்டிக்கு வரேன்.

ஆவடியில் இருந்து அம்பத்தூர், பாடி, ரெட்டேரி வழியா கொளத்தூர் போனா, தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடைகள். நன்னீர் மீனுக்கு நம்ம ஊர்ல அதைவிடப் பெரிய இடம் கிடையாது. உப்புநீர் மீன் வைக்கிற கடைகளும் சில இருக்கு. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், ஒருத்தர் என்னைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய் ஒரு தொட்டியில் "லைவ் ராக்" காட்டினார். அதாவது பாக்டீரியாவும் சின்ன உயிர்களும் ஒட்டிக்கிட்டு இருக்கிற கடல்பாறை. அது என்ன பாறைன்னு உத்துப் பார்த்தா, இறந்த பவளத்தின் எலும்புக்கூடு. பில் கேட்டேன். சிரிச்சார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கூடவே கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம். புலி இருக்கிற அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானா குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. உயிரோட இருக்கிற பவளத்துக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்காதீங்க, செத்த பவளத்துண்டும் அதே உயிரினத்தின் பாகம்தான். கேம்பஸ் இன்டர்வியூ வருஷத்துல இது நமக்குத் தேவையா?

சட்டத்தை விடுங்க, காரணத்தைப் பாருங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி இருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கா வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுத்த சுவர் போனதும் மண் அரிச்சு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டு தீவும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. வான் தீவும் சுருங்கிக்கிட்டே வந்ததால, அதைச் சுற்றி இப்போ கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளைக் கடலடியில் இறக்கியிருக்காங்க. பவளத்தை எடுத்துச் சுண்ணாம்பு ஆக்கினோம், இப்போ சிமெண்டை ஊற்றிப் பாறை செய்யறோம். இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்குத் தோணிச்சு: நாமளும் பாறையை வார்த்துடலாமே.

பாறை வார்ப்பது

பாறை இல்லாம தொட்டி ஓடாது. அது அழகுக்கு இல்லை, அதன் நுண்துளைகள்லதான் கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கும். நான் போட்ட கலவை: ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு பங்கு கிளிஞ்சல் துகள் (கோழித் தீவனக் கடையில் கிடைக்கும், நல்லா கழுவணும்), ஒரு பங்கு கல்லுப்பு. கம்பி எதுவும் வைக்காதீங்க, துருப்பிடிக்கும். ஈர மணல்ல குழி தோண்டி அதில் கலவையைக் கொட்டி, பொந்து வேணும்கிற இடத்தில் மணலையே உருட்டி வெச்சா போதும். கையுறை கட்டாயம்.

இறுகினதும் தண்ணியில் ஊறப் போடணும். கல்லுப்பு கரைஞ்சு வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் துளை ஆகும். ஆனா சிமெண்ட் நீரேற்றத்தில் உருவாகும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். முதல் வாரம் ஊறல் தண்ணியின் பிஹெச் 12-ஐத் தாண்டிச்சு. அதுல மீன் விட்டா அவ்வளவுதான். வாரம் ரெண்டு தடவை தண்ணி மாத்தி, 8.5-க்கு இறங்க எனக்கு ஏழு வாரம் ஆச்சு. அவசரப்படற ஆளுக்கு இந்த வேலை ஒத்து வராது.

எடை, தண்ணீர், உப்பு

என் தொட்டி 90 × 45 × 45 செ.மீ, 10 மி.மீ கண்ணாடி. கண்ணாடி மட்டும் சுமார் 40 கிலோ. 40 செ.மீ உயரத்துக்கு நிரப்பினா, பாறை அடைக்கிற இடம் போக 155 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ, அதனால 159 கிலோ. பாறை 15. கீழே வடிகட்டித் தொட்டி (சம்ப்), அதில் 35 லிட்டர் தண்ணி, எல்லாம் சேர்த்து 51. ஸ்டாண்ட் 30. மொத்தம் 295 கிலோ, நிற்கிற பரப்பு 0.4 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளத்துக்கு ஐஎஸ் 875 சொல்ற கணக்கு சுமார் 200 கிலோ. பயப்பட வேண்டாம், அது அறை முழுக்கப் பரவின சுமை. ஆனா நடு ஹாலில் வைக்காதீங்க. அடியில் பீம் போற சுவரை ஒட்டி, பீமுக்குக் குறுக்கே இல்லாம அதன் நீளவாக்கிலேயே வைங்க. நான் சிவில் நண்பனைக் கூட்டிட்டு வந்து, கீழ்வீட்டுக்காரங்ககிட்ட கெஞ்சி அவங்க சீலிங்கைப் பார்த்துத்தான் இடம் முடிவு பண்ணேன்.

தண்ணிக்கு வந்தப்போ பாட்டி ஒரு கேள்வி கேட்டாங்க: "நம்ம போர் தண்ணியே உப்புதானேடா, அதுலயே விட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. எங்க போர் தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல 1,400 காட்டுது. கடல் 35,000. அளவு மட்டும் இல்ல, எந்த உப்புங்கிறதும் வேற. நிலத்தடி நீரில் வர்ற நைட்ரேட்டும் சிலிக்காவும் தொட்டியில் பாசியை வளர்க்கும். மெரினாவில் இருந்து கேனில் பிடிச்சு வரலாமான்னு அடுத்த கேள்வி வரும். கூவமும் அடையாறும் கலக்கிற கரை அது. எண்ணூர்ல 2017 ஜனவரியில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் கலந்துச்சு. மழைக்காலத்தில் உப்பின் அளவும் இறங்கிடும். வேண்டாம்.

ஆர்ஓ தண்ணியில் கடலுப்புக் கலவை கரைக்கிறதுதான் வழி. இங்க ஒரு பொறி இருக்கு. வீட்டு ஆர்ஓ மெஷினில் "டிடிஎஸ் கன்ட்ரோலர்"னு ஒரு திருகு இருக்கும். ருசிக்காகப் பழைய தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடறது அதன் வேலை. அதை முழுசா மூடணும், அல்லது மெம்பிரேனில் இருந்து நேரா ஒரு குழாய் எடுத்து டிஐ ரெசின் வழியா விடணும். மீட்டர் பூஜ்யம் காட்டணும். கழிவா போற தண்ணியை வீடு துடைக்க வெச்சுக்கலாம்.

லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்புக்கலவை. 190 லிட்டருக்கு ஏழு கிலோவுக்கு மேல். வாரா வாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்தினா இன்னும் முக்கால் கிலோ. அம்மா, "உப்புத் தண்ணியைக் காசு குடுத்து வாங்கற ஒரே வீடு நம்ம வீடுதான்"னு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க.

சூடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கெல்லாம் கடல்காற்று வந்து சேர மத்தியானம் தாண்டிடும், சில நாள் வரவே வராது. மே மாசத்தில் எங்க ஹால் 34 டிகிரி. பவளத்துக்கு அது பழகின கோடைச் சூட்டைவிட ஒரே ஒரு டிகிரி கூடி சில வாரம் நின்னாலே, தனக்குள்ள இருக்கிற பாசியைத் துப்பிட்டு வெளுக்க ஆரம்பிக்கும். அப்போ பவளம் வெச்சா சில்லர் கட்டாயம், பெரிய லைட்டும் கட்டாயம், அந்த லைட்டின் சூட்டை எடுக்க இன்னும் பெரிய சில்லர். சட்டம் ஒருபக்கம், மின்சார பில் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லுது.

பவளம் இல்லைன்னா கணக்கு இப்படி: மேலேற்றும் பம்ப் 25 வாட், அலை எழுப்பும் பம்ப் 10, நுரை வடிகட்டி (புரோட்டீன் ஸ்கிம்மர்) 10, எட்டு மணி நேரம் மட்டும் எரியும் 24 வாட் எல்இடி, சராசரியா 8. மொத்தம் 53 வாட் சூடா தண்ணியில் இறங்குதுன்னு வைங்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2.4 மெகாஜூல் எடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்னா சராசரி 28 வாட். ஆக, ரெண்டு லிட்டர் ஆவியானா கருவிகளோட சூடு முழுக்க வெளியே. தண்ணிப் பரப்பின் மேல வீசற மாதிரி ரெண்டு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் இதைச் செஞ்சுடும். மண்பானை செய்யறதும் இதேதான். ஈரப்பதம் அதிகமான நாளில் ஃபேன் தோத்துடும்; என் தொட்டி மே மாசம் ஒரு வாரம் 29-ஐத் தொட்டுச்சு. தொடக்கத்தில் நான் போட்ட 28 எல்லை அங்கேயே உடைஞ்சது. கோமாளி மீன் தாங்கிச்சு. பவளமா இருந்தா எனக்குத் தூக்கம் போயிருக்கும்.

ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கும். ஒரு வாரம் கவனிக்காம விட்டா 13 லிட்டர் குறைஞ்சு, 35 இருந்த உப்பளவு 37.6 ஆகிடும். அதனால குறையற அளவுக்கு நல்ல தண்ணி ஊற்றணும், உப்புத் தண்ணி இல்ல. ஃப்ளோட் ஸ்விட்ச், ரிலே, ஆர்டுயினோ வெச்சு தானா நிரப்பற மாதிரி செஞ்சேன். ஒரு ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டா காப்பாத்த, அதுக்கு மேல ரெண்டாவது ஸ்விட்ச் தொடர் இணைப்பில். அதைவிட நல்ல பாதுகாப்பு, நிரப்பும் கேனையே 10 லிட்டருக்கு மேல் போகாம வெச்சுக்கறது. என்ன தப்பு நடந்தாலும் பத்து லிட்டர்தான்.

கரண்ட் போகும்போது

என் பெரிய தப்பு இதுலதான். "பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் 2 வரை மின்தடை"ன்னு பேப்பர்ல வந்த ஒரு நாள், காலேஜ் முடிஞ்சு வந்தா ஹால் முழுக்க உப்புத் தண்ணி. என்ன ஆச்சுன்னா, பம்ப் நின்னதும் மேலே போற குழாயே சைஃபனா மாறி, மேல்தொட்டித் தண்ணியைக் கீழே இழுத்துடுச்சு. குழாய் வாய் தண்ணிக்கு 8 செ.மீ கீழே இருந்தது. 90 × 45 × 8, அதாவது 32 லிட்டர் இறங்கும். 60 லிட்டர் சம்ப்ல காலியா இருந்தது 25. மீதி ஏழு லிட்டர் எங்க போகும்? முதல் செமஸ்டர் பிசிக்ஸ். குழாய் வாயை 2 செ.மீ ஆழத்துக்குத் தூக்கினேன், இப்போ எட்டு லிட்டர்தான் இறங்கும். செக் வால்வை நம்பாதீங்க, அதில் சுண்ணாம்பு படிஞ்சு மூடாம நிக்கும்.

வெள்ளத்தைவிட ஆபத்து மூச்சுத் திணறல். 30 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். மொத்தத் தொட்டியிலும் சேர்த்து 1.2 கிராம் கூட இல்லை. அதனால அலை பம்ப்பை மட்டும் ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரியில் இணைச்சேன். கணக்குப்படி எட்டு மணி நேரம், நிஜத்தில் ஆறு. மாதாந்திர மின்தடைக்குப் போதும். 2016-இல் வர்தா அடிச்சப்போ மாதிரி நாள்கணக்கா போனா, மக்கால மோந்து மோந்து ஊத்த வேண்டியதுதான்.

மீன் எப்போ?

தண்ணி, பாறை, பம்ப் எல்லாம் தயார்னா உடனே மீன் விடக்கூடாது. பாக்டீரியா வளரணும்: ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். நன்னீரைவிடக் கடல்நீரில் இது முக்கியம். பிஹெச் 8.2-இல் அம்மோனியாவின் விஷ வடிவம், பிஹெச் 7-இல் இருப்பதைப் போல பத்து மடங்குக்கு மேல். நான் மீனுக்குப் பதிலா லேப் தர அம்மோனியம் குளோரைடு 1.2 கிராம் போட்டேன், 190 லிட்டருக்கு 2 பிபிஎம் வரும். போட்ட இருபத்துநாலு மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமாகிற வரைக்கும் திரும்பத் திரும்ப. எனக்கு 38 நாள் பிடிச்சது. காலித் தொட்டியை 38 நாள் வெறிச்சுப் பார்க்கிறவனை வீட்ல எப்படிப் பார்ப்பாங்கன்னு சொல்லத் தேவையில்லை.

மீனும் கடல்ல பிடிச்சதா வாங்க வேண்டாம். மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனை முட்டையில் இருந்து வளர்க்கிற முறையை உருவாக்கியிருக்காங்க. பண்ணையில் பிறந்த மீன் உலர்தீனியைத் தயங்காம தின்னும், அதுக்குக் கடல் சாமந்தியும் தேவையில்லை. ரெண்டு குட்டியா வாங்கினா போதும். எல்லாமே ஆணாத்தான் ஆரம்பிக்கும், பெரிசா வளர்றது பெண்ணா மாறிடும். ஜோடி பார்த்து வாங்கற தொல்லை இல்லை.

மொத்த மின்செலவு, ஃபேனையும் சேர்த்து, நாளைக்கு ஒன்றரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு 90. இலவச 100 யூனிட்டை மீன் தின்னுதுன்னு அப்பா கணக்கு போட்டுட்டார்.

இப்போ இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்குப் பதினஞ்சு நாள் வெளியூர் போறேன். தானா நிரப்பற கேன் அஞ்சு நாளைக்குத்தான் வரும். பாட்டிதான் பொறுப்பு. தீனியைப் பதினஞ்சு மாத்திரை டப்பாவில் நாள்வாரியா பிரிச்சு வெச்சாச்சு. கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டாச்சு. ஒரே ஒரு விதிதான் சொல்லியிருக்கேன்: வெள்ளைக் கேன் நல்ல தண்ணி, அதை ஊத்தலாம்; நீலக் கேன் உப்புத் தண்ணி, அதைத் தொடவே கூடாது.