மலாய் தெரிஞ்ச பிள்ளைக்கு 'போரிங்', 'போர்டு' குழப்பம் வராது

தங்கச்சி, பள்ளியில நடந்த எஸ்.பி.எம். மாதிரி வாய்மொழித் தேர்வுல "ஐ ஆம் போரிங்"னு சொல்லிட்டேன்னு நேத்து வருத்தப்பட்டே. நீ சொல்ல நினைச்சது 'எனக்கு போரடிக்குது'. ஆனா ஆங்கிலத்துல அதுக்கு அர்த்தம், 'என்கூட இருந்தா மத்தவங்களுக்கு போரடிக்கும்'. இது உன் ஒருத்தி தப்பு இல்ல. பிரிக்பீல்ட்ஸ்ல டியூஷன் சொல்லிக்கொடுக்கறப்போ நான் அதிகமா திருத்துறதே இதைத்தான்.

காரணத்தைப் புரிஞ்சுக்கோ. தமிழ்ல யாருக்கு போரடிக்குதுன்னு 'எனக்கு'ல இருக்கிற 'கு' காட்டிடும். ஆங்கிலத்துல அந்த 'கு' கிடையாது. சொல்லோட வால்தான் காட்டணும். உணர்றவங்களுக்கு 'எட்', அப்படி உணர வைக்கிறதுக்கு 'இங்'. பாடம் போரிங், நீ போர்டு.

பரீட்சை நேரத்துல இந்த விதி மறந்துபோனா மலாயைக் கூப்பிடு. ஒண்ணாம் ஆண்டுலேருந்து படிக்கிற மொழி, கை கொடுக்கும். 'போசான்'னா போர்டு, 'மெம்போசான்கான்'னா போரிங். 'பெனாட்' டயர்ட், 'மெமெனாட்கான்' டயரிங். 'கெலிரு' கன்ஃப்யூஸ்ட், 'மெங்கெலிருகான்' கன்ஃப்யூசிங். முன்னால 'மெ', பின்னால 'கான்' ஒட்டியிருந்தா 'இங்' போடு. 'இன்ட்ரஸ்ட்' மட்டும் இந்த வரிசைக்கு வராது: 'மெனாரிக்' இன்ட்ரஸ்டிங், 'பெர்மினாட்' இன்ட்ரஸ்டட். இதைத் தனியா மனப்பாடம் பண்ணிடு. நாளைக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனா முதல் நிமிஷத்துலயே இந்தச் சொல் வரும்.

மலாய் காலை வாரிவிடுற இடமும் இருக்கு. 'திங்கி'ங்கிற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்துல 'டால்', 'ஹை'னு ரெண்டு. தமிழ்லயும் 'உயரம்'னு ஒண்ணுதான். அதனால நமக்கு ரெண்டு பக்கமும் உதவி இல்ல. பத்துமலையை நினைச்சுக்கோ. அடிவாரத்துல நிக்கிற முருகன் சிலை 42.7 மீட்டர். அடியிலேருந்து உச்சிவரைக்கும் ஒரே உருவமா எழும்பி நிக்குது, அதனால டால். 272 படி ஏறிப் போற குகை தரையை விட்டு எங்கேயோ மேலே இருக்கு, அது ஹை. ஆள், மரம், இரட்டைக் கோபுரம் எல்லாம் டால். மலை, கூரை, விலை, காய்ச்சல் எல்லாம் ஹை.

'குவாட்'டும் அப்படித்தான். தீபாவளி சமயத்துல கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுல கடைக்குக் கடை பாட்டு போடுவாங்களே, அந்தச் சத்தம் லவுட். அதை 'ஸ்ட்ராங்'னு எழுதாதே. தே தாரிக் 'காவ்'வா இருந்தாத்தான் ஸ்ட்ராங்.

சாப்பாட்டுல உறைப்பைச் சொல்ல 'ஹாட்' போடலாம், தப்பில்ல. ஆனா படிக்கிறவங்க சூடுன்னு நினைச்சுக்கலாம். 'ஸ்பைசி'ன்னே எழுதிடு.

இன்னொரு ஜோடி, கட்டுரையில அடிக்கடி வர்றது: ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல். சரித்திரத்துல இடம் பிடிச்சது ஹிஸ்டாரிக். 1957 ஆகஸ்ட் 31 நம்ம நாட்டுக்கு ஹிஸ்டாரிக் நாள். சரித்திரத்தைப் பத்தினது எல்லாமே ஹிஸ்டாரிகல். 1881-ல தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழிச்சப்புறம் செங்கல் கட்டடம் எழுப்பணும்னு முடிவாச்சு. அந்தச் செங்கல் சூளைகளாலதான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பேரு. அந்தச் சூளைக்காரங்களை வெச்சு நீ ஒரு கதை எழுதினா அது ஹிஸ்டாரிகல் கதை. அது பேர் வாங்கித்தான் ஆகணும்னு இல்ல.

எக்கனாமிக், எக்கனாமிகல் சுலபம். நாட்டோட பொருளாதாரம்னா முதல் சொல். கிள்ளான்லேருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கிராப் எடுக்காம கொமுட்டர்ல வந்தா காசு மிச்சம், அதுக்கு ரெண்டாவது சொல்.

அகராதியில அர்த்தத்தை மட்டும் பார்த்துட்டு மூடிடாதே. கீழே இருக்கிற உதாரண வாக்கியத்தைப் படி, வித்தியாசம் அங்கதான் தெரியும். ஒரு நோட்டுல மூணு பத்தி போடு: தமிழ், மலாய், ஆங்கிலம். தினம் ஒரு ஜோடி, சொல்லுக்கு ஒரு வாக்கியம், அதுவும் நம்ம வீட்டையும் தெருவையும் வெச்சு நீயே எழுதினதா இருக்கணும். சனிக்கிழமை நோட்டைக் கொண்டு வா, உக்காந்து திருத்தித் தர்றேன்.